இரண்டாவது கையெழுத்து

குட்டிகள் பிறந்து அன்றைக்கு ஐம்பத்தெட்டாவது நாள்.

சனிக்கிழமை. ஜெயகரன் காலண்டர் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாய்க்குட்டிகளைப் பதிவு செய்யும் ஃபாரம் அறுபது நாளுக்குள் மெட்ராஸில் கென்னல் கிளப் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். அறுபதாவது நாள் திங்கட்கிழமை. வேலூர் பெரிய தபால் ஆபீசில் இன்றைக்கு நாலு மணிக்குள் ரிஜிஸ்டர் செய்தால் திங்கட்கிழமை காலையில் அங்கே இருக்கும். அதற்கு மேல் போனால் செவ்வாய்.

ஃபாரம் ஒரு தடவை போய்த் திரும்பி வந்துவிட்டது. கூடவே டைப் அடித்த ஒரு கடிதம். லில்லி என்னும் பெண் நாய் இரண்டு பேர் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதன் குட்டிகளைப் பதிவு செய்ய இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இணை உரிமையாளர் திருமதி இன்பம் ஜெயகரனின் கையெழுத்து இல்லை. கென்னல் பெயர் அனுமதிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பவும்.

இரண்டு பேர் பெயர் என்பது அவரே செய்துகொண்டது. தோல் வாங்க வந்த ஒரு ஜெர்மன்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்த அல்சேஷன் குட்டி லில்லி. எழுபத்துமூன்று டிசம்பர். கூடவே கிளப்பின் மாற்று ஃபாரத்தையும் கொடுத்தார். அதில் உரிமையாளர் என்று ஒரு கோடு. அடியில், இணை உரிமையாளர் இருந்தால், என்று இன்னொரு கோடு. சர்ச்சில் கல்யாணப் புத்தகத்தில் புருஷனும் பெண்சாதியும் கையெழுத்துப் போடுகிற மாதிரி இதுவும் என்று ஜெயகரன் நினைத்துக்கொண்டார். கோடு இருந்தால் நிரப்புகிறவர் அவர். முதல் கோட்டில் அவர் போட்டார். இரண்டாவதில் இன்பம் சிரித்துக்கொண்டே போட்டாள்.

மகள் பியூலாவுக்கு அப்போது மூன்று வயது. தனக்கு எந்தக் கோடு என்று கேட்டாள். நாய்க்குப் பெயர் எழுதுகிற கோடு உனக்கு என்றார்கள். லில்லி என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் பியூலா இருந்தாள். மூளைக்காய்ச்சல். நாலு நாள்.

இன்பம் இந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் நர்ஸ். முன்பெல்லாம் ஆம்பூரிலிருந்து ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். இப்போது பாகாயத்தில் தங்கை கிரேஸி வீட்டில் இருக்கிறாள். சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். அதனால் அவள் வராதது ஜெயகரன் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. தெரிந்த பிறகு யாரும் கேட்கவில்லை.

அவர் கேழ்வரகுக் கஞ்சியில் பால் ஊற்றி ஆற்றித் தட்டில் வைத்தார். ஐந்து குட்டிகளும் தட்டுக்குள் கால் வைத்துத் தின்றன. லில்லி தள்ளிப் போய் மாமரத்தடியில் படுத்துக்கொண்டது. முகவாய் நரைத்துவிட்டது. செப்டம்பரில் எட்டு வயது முடிகிறது. எட்டுக்கு மேல் ஒரு பெண் நாயின் குட்டிகளைக் கிளப் பதிவு செய்யாது. அந்தத் தேதியை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

பதினொரு மணிக்கு இஷ்தியாக் அகமது வந்தார். ஜெயகரன் வேலை செய்கிற தோல் டேனரி முதலாளியின் தம்பி. குட்டிகளுக்கு அப்பன் அவருடைய சுல்தான்தான். அவர் அம்மா ஹலீமா பீ நாயைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுகிறவர். ஆகவே சுல்தான் குட்டியிலிருந்தே டேனரி கேட்டில்தான் இருக்கிறது. இஷ்தியாக் குட்டிகளைக் கையால் தொட மாட்டார். நக்கிவிட்டால் தொழுகைக்கு முன்னால் சட்டை மாற்ற வேண்டும், பேஜார் என்பார். ஒரு குச்சியை ஒடித்து அதன் நுனியால் ஒவ்வொரு குட்டியின் முதுகையும் தடவிக் கொடுத்தார். சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். தோல் ஏற்றுமதிக்காரன் சாம்பிள் கேட்கிறான், ஜெயகரன் இல்லாமல் யார் பார்ப்பது என்று அண்ணன் கத்துவதையும் சொன்னார். பிறகு ஜெயகரனை மேலும் கீழும் பார்த்தார்.

"கையெழுத்து வாங்கப் போறியா, ஆளக் கூட்டியாரப் போறியா?"

"கையெழுத்துக்குத்தான் பாய்."

"அப்ப பேனா போதுமே. இஸ்திரி போட்ட சட்டை இன்னாத்துக்கு?"

ஜெயகரன் ஃபைலை மஞ்சள் பைக்குள் வைத்தார். எட்டு வருஷத்துக் கடிதங்களும் அந்த ஒரே ஃபைலில் இருந்தன. அனுமதிக் கடிதத்தை மட்டும் தனியாக எடுக்கலாம் என்று நினைத்தார். பஸ் ஹாரன் கேட்டது. அப்படியே கொண்டு போனார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஊர் தாண்டும்வரை பச்சைத் தோலின் உப்பு நாற்றம் கூடவே வந்தது. பள்ளிகொண்டா வரைக்கும் பாலாறு வலது பக்கமோ இடது பக்கமோ மணலாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

தரம் பிரிப்பது அவர் வேலை. வெளிச்சம் விழுகிற மேஜையில் தோலை விரித்து, கை வைத்துத் தடவி, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார். சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் போட்ட தோல் முதல் தரத்துக்குப் போகாது. இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்காகவும் ஒரு வட்டத்தை அவர் அழித்ததில்லை. முதலாளிக்கு அதில் கோபமும் உண்டு, பெருமையும் உண்டு.

கிளப் அவருக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த கிளப். மலைமேல் பங்களாக்களில் நாய் வளர்த்தார்கள், போட்டி நடத்தினார்கள், எதற்கு எது பிறந்தது என்று தடியான புத்தகத்தில் எழுதினார்கள். பிறகு புத்தகத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இப்போது அதில் மெட்ராஸ் வக்கீல்களும் கோயமுத்தூர் மில்காரர்களும் தங்கள் நாய்களை எழுதுகிறார்கள். ஆம்பூரிலிருந்து ஜெயகரன் ஒருவர். ஒரு நாய்க்குப் பத்திரம் வந்தால் அதில் மூன்று தலைமுறை இருக்கும். அப்பன், அம்மா, அவற்றின் அப்பன் அம்மா, அவற்றின் அப்பன் அம்மா. பதினாலு பெயர். லில்லியின் பதினாலும் அவருக்கு மனப்பாடம். தன் தாத்தாவின் அப்பா பெயர் அவருக்குத் தெரியாது.

பியூலா போன மறு வருஷம் அவர் கென்னல் பெயருக்கு எழுதிப் போட்டார். ஒரு வீட்டில் பிறக்கும் குட்டிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் பெயர் அது. ஆளுக்கு இனிஷியல் போல. ஃபாரத்தில் விருப்ப வரிசைப்படி மூன்று பெயர் கேட்டார்கள். முதல் பெயரை வேறு யாராவது வைத்திருந்தால் இரண்டாவது. அதுவும் போயிருந்தால் மூன்றாவது. பாலாறு என்று முதலில் எழுதினேன், அதை வைத்திருக்கிறார்களாம். கைலாசகிரி என்று இரண்டாவது எழுதினேன், அதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது கோடு காலியாக இருந்தது, பியூலா என்று எழுதினேன், அதைக் கொடுத்துவிட்டார்கள். இன்பத்திடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். பிறகு வந்த இரண்டு ஈற்றுக்கும் அவள் கையெழுத்துப் போட்டாள். பியூலாஸ் மேஜர், பியூலாஸ் ராணி, பியூலாஸ் டஸ்கி என்று குட்டிகள் போயின.

எண்பது ஜனவரியில் மெட்ராஸில் கண்காட்சி. இன்பமும் வந்திருந்தாள். மைதானத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு ஆள் நம்பரும் பெயரும் படித்துக்கொண்டே போனான். அவசரத்தில் ஒரு பெயரைப் பாதியில் விட்டுவிட்டான்.

பியூலா. பியூலா உள்ளே வரவும்.

இன்பம் எழுந்து நின்றாள்.

ஜெயகரன் பார்த்தார். புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவருக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் அந்தப் பெயர் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். நானா தேர்ந்தெடுத்தேன், கிளப் கொடுத்தது என்றார் அவர். கடைசியாக ஒரு தடவை அவள் சொன்னாள். "ஆத்துக்கு அப்புறம், மலைக்கு அப்புறம், எம் பொண்ணா?" அது என்ன கேள்வி என்று அவருக்கு அன்றைக்குப் புரியவில்லை. மறுநாள் டிரங்குப் பெட்டியோடு போனாள். போனாள் என்பதை லில்லி வாசலில் படுத்து இரண்டு வாரம் சொன்னது.

பியூலா என்ற பெயர் இப்போது மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல், மெட்ராஸில் அந்தப் புத்தகம். முதல் இரண்டிலும் இனி யாரும் ஒன்றும் எழுதப் போவதில்லை.

பாகாயத்தில் இறங்கும்போது மணி ஒன்றே கால். இன்பத்துக்குக் காலை டியூட்டி. இரண்டு மணிக்கு முடியும். இரண்டரைக்கு வந்துவிடுவாள். அவர் கணக்குப் போட்டுத்தான் புறப்பட்டிருந்தார். மூன்று மணிக்கு இங்கிருந்து டவுன் பஸ் பிடித்தால் நாலுக்குள் தபால் ஆபீஸ்.

கிரேஸி கதவைத் திறந்தாள். காலேஜ் ஆபீசில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை அவளே முதலில் சொல்லி மற்றவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

"வாங்க மாமா. வழி தெரிஞ்சுதா?"

அவர் தெரிந்தது என்றார். அவள் அதற்குச் சிரிக்கவில்லை. சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டாள். பதினாறு மாதத்தில் பதினாறு கார்டு வந்தது, எல்லாவற்றிலும் நாயின் சுகம்தான் எழுதியிருந்தது, எழுதியவர் சுகமா என்று நாயாவது எழுதக்கூடாதா என்றாள். அவர் குனிந்து சாப்பிட்டார். வீட்டில் ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. இரண்டு கட்டில். ஒன்றின் அடியில் டிரங்குப் பெட்டி. அதில் வெள்ளைப் பெயின்டில் அவர் கையால் எழுதிய இ. ஜெயகரன்.

அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். கிரேஸி ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள். டைப்பிஸ்ட் கண்ணால் பார்த்தாள். எழுத்துப் பிழை ஒன்றைக் காட்டினாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லல."

"கேம்பஸ்ல டாக்டர் வூட்ல ஒரு நாய் இருக்குதில்ல. உங்க மொத ஈத்துக் குட்டி."

"மேஜர்."

"அதான். அக்கா சாயங்காலம் வாக்கிங் போறேன்னு அந்தப் பக்கம் போவுது. டெய்லி. ஒரு நாள் நான் பின்னாடியே போய்ப் பார்த்தேன். கேட்டாண்ட நின்னு கூப்புடுது."

ஜெயகரன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"மேஜர்னு கூப்புடல மாமா. அதுக்கு முன்னாடி இருக்கிற பாதிய மட்டும் சொல்லுது."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாய் வருதா?"

"வருது."

கிரேஸி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

இன்பம் வரும்போது இரண்டு நாற்பது. வெள்ளைப் புடவை. கையில் டிபன் கேரியர். அவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரை அவர் பார்த்தபோது இருந்ததைவிட ஜாஸ்தி.

"எப்ப வந்தீங்க?"

"ஒண்ணே காலுக்கு."

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

அவள் பின்பக்கம் போய்க் கை கழுவினாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுகிற பழக்கம். அவர் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். வந்து கட்டிலில் உட்கார்ந்து லில்லியைப் பற்றிக் கேட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறதா, பின்னங்கால் எப்படி இருக்கிறது, எத்தனை குட்டி. ஐந்து என்றார். எல்லாம் பிழைத்ததா என்றாள். எல்லாம் என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

அவர் ஃபாரத்தை எடுத்து விஷயத்தைச் சொன்னார். அறுபது நாள், திங்கட்கிழமை, நாலு மணி. சொல்லி முடித்ததும் ஒரு தபால்காரரைப் போலத் தான் பேசியது அவருக்கே கேட்டது.

"நான் போடலன்னா?"

"குட்டிங்களுக்குப் பத்திரம் வராது."

"அடுத்த ஈத்துக்குப் பாத்துக்கலாம்."

"செப்டம்பர்ல எட்டு முடியுது. அதுக்கப்புறம் எழுத மாட்டாங்க."

இன்பம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ கார் டயரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அப்ப இதான் கடைசி."

"இதான்."

கிரேஸி சமையல் தடுப்புக்குப் பின்னால் பாத்திரம் எதையும் நகர்த்தவில்லை. மேஜைக் கடிகாரம் மட்டும் ஓடியது. இரண்டு ஐம்பது.

"அந்தப் பேரு இல்லாம பதிவு பண்ண முடியாதா?" என்றாள் இன்பம். "வெறுமன லில்லி குட்டிங்கன்னு?"

முடியும். விதிப் புத்தகத்தில் இருக்கிறது. கென்னல் பெயர்க் கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டால் போதும். முடியாது என்று சொல்ல அவருக்கு ஒரு விநாடி போதும். போன தடவை அதைத்தான் சொன்னார். கிளப் கொடுத்தது, என் கையில் இல்லை. இப்போதும் சொன்னால் அவள் நம்புவாள். நம்பிக் கையெழுத்துப் போடலாம், போடாமலும் இருக்கலாம். டாக்டர் வீட்டுக் கேட் நினைவுக்கு வந்தது. அந்தக் கேட்டை அவர் பார்த்ததில்லை.

"முடியும்" என்றார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டத்த அடிச்சுட்டா போதும்" என்றார். "நீ அடின்னா அடிச்சுர்றேன்."

"இத்தன நாள் முடியாதுன்னீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

இன்பம் கையை நீட்டினாள். அவர் ஃபாரத்தையும் பேனாவையும் கொடுத்தார். அவள் ஃபாரத்தை மடியில் வைத்துவிட்டு, ஃபைலையும் கொடுங்கள் என்றாள். எதற்கு என்று அவர் கேட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிக்க வேண்டாமா என்றாள். இதற்கு முன்னால் அவள் படித்ததில்லை. காட்டிய இடத்தில் போட்டிருக்கிறாள்.

மஞ்சள் பையிலிருந்து ஃபைலை எடுத்தார். அவள் அதை வாங்கித் திருப்பினாள். வார்டில் கேஸ் ஷீட் படிப்பது போல. முதலில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் கடைசித் தாளிலிருந்து வர வேண்டும், நர்சுகள் எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள் என்று கல்யாணமான புதிதில் அவளே சொல்லியிருக்கிறாள்.

ஜெர்மன்காரரின் மாற்று ஃபாரம். இரண்டு கோடு, இரண்டு கையெழுத்து. நாயின் பெயர் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கிறுக்கல், அதன்மேல் அவர் கையெழுத்தில் லில்லி. கார்பன் நகல்தான். இருந்தாலும் இன்பம் விரலால் அந்தக் கிறுக்கலைத் தொட்டாள்.

லில்லியின் பத்திரம். பதினாலு பெயர்.

அடுத்த தாள் அனுமதிக் கடிதம். கிளப்பின் முத்திரை. அதன் பின்னால் துருப்பிடித்த குண்டூசியில் இன்னொரு தாள் குத்தியிருந்தது.

கென்னல் பெயர் கேட்டு எழுதிய ஃபாரத்தின் நகல் அது என்று ஜெயகரனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுதுகிற எல்லாவற்றுக்கும் கார்பன் வைக்கிறவர் அவர். நாலு வருஷமாக அந்தத் தாளைத் திறந்து பார்த்ததில்லை. திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்து, அவள் டியூட்டிக்குப் போயிருந்த ஒரு பகலில் எழுதினார். எழுதி முடித்துத் தபாலிலும் போட்ட பிறகு, அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தார்.

எழுந்து ஃபைலை வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீட்டினார். கை பாதியில் நின்றது.

இன்பம் குண்டூசியை எடுத்துக் கட்டில் விரிப்பில் குத்தினாள். தாளைப் படித்தாள். மூன்று கோடு. அவ்வளவுதான் அதில். ஆனாலும் நேரமாயிற்று. ஒவ்வொரு கோட்டின்மேலும் கட்டைவிரல் போனது. முதல் கோடு, இரண்டாவது, மூன்றாவது. பிறகு திரும்ப முதல் கோட்டுக்கு வந்தது. நல்ல வெளிச்சத்தில் அவர் தோலைத் தடவிப் பார்ப்பது போலவே இருந்தது. அவளுக்கு அது தெரியாது.

வெளியே டவுன் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கிரேஸி தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, மாமா பஸ் என்று மெதுவாகச் சொன்னாள். யாரும் திரும்பவில்லை. பஸ் போயிற்று.

பேனா இன்பத்தின் கையில்தான் இருந்தது. மூடி கழற்றாமல் இருந்தது. அவள் தாளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மூன்று கோட்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே பெயர், பியூலா. மூன்றாவது முறை கொஞ்சம் அழுத்தி எழுதியிருந்தார்.

"பாலாறுன்னு சொன்னீங்க. கைலாசகிரின்னு சொன்னீங்க. நாலு வருஷமா எம் பொண்ணு மிச்சம் மீதியில வந்த பேருன்னு நெனச்சுட்டிருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. "என்னக் கேட்டிருந்தா நான் மட்டும் வேற பேரயா எழுதியிருப்பேன்?"